களத்துக்குப் போகும் முன்: காவிரி டெல்டாவில் கல்வி, சமூக ஆய்வு செய்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கம் எம்.எட்., எம்.எஸ்.டபிள்யூ., பிஎச்.டி. என்று ஆய்வு செய்யும் மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே சேர்த்திருக்கிறேன். பெரும்பாலான ஆய்வேடுகளில் ஆய்வு முறை என்பது மூன்றாம் அத்தியாயம். அறநெறி அதன் கடைசியில் வரும் அரைப்பக்கம். இந்தப் பிரிவினையை நான் ஏற்பதில்லை. யாருடைய வீட்டுக்கு நீங்கள் போகாமல் விட்டீர்களோ, அவர்களுக்குச் செய்த அநியாயமும் உங்கள் தரவில் விழுந்த ஓட்டையும் ஒன்றுதான். கீழே உள்ள பதில்கள் அந்த நம்பிக்கையில் எழுதியவை.

களப்பணிக்கு எந்த மாதம் நல்லது?

முதலில் தண்ணீர் எப்போது வருகிறது என்று பாருங்கள். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12இல் திறப்பார்கள். இருப்பு இல்லாத ஆண்டில் அது தள்ளிப்போகும். குறுவை, சம்பா, தாளடி எல்லாம் அதை ஒட்டியே நகரும். சம்பா நடவு மும்முரமாக இருக்கும்போதும், ஜனவரி, பிப்ரவரி அறுவடையின்போதும் காலை பதினோரு மணிக்கு ஒரு தெருவுக்குள் போனால் வீட்டில் யார் இருப்பார்கள்? வயதானவர்கள், உடம்புக்கு முடியாதவர்கள், நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர்கள், ஓய்வூதியம் வாங்குபவர்கள். நடவாட்கள் விடியும்போதே கிளம்பியிருப்பார்கள். "வீடு பூட்டியிருந்தது, பக்கத்து வீட்டை எடுத்துக்கொண்டேன்" என்று மாற்று வீடு பிடித்தால், கூலிக் குடும்பங்கள் உங்கள் மாதிரியிலிருந்து சத்தமில்லாமல் காணாமல் போய்விடும். அப்புறம் எந்தக் கணக்கு போட்டாலும் அவர்களைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

பூட்டிய வீட்டுக்கு வேறு வேறு நேரங்களில் மூன்று முறையாவது திரும்பிப் போங்கள். அந்தி நேரத்தில் போவதாக இருந்தால், அது பெண்கள் சமைக்கும் நேரம் என்பதையும் நினைவில் வையுங்கள். எப்போது வரலாம் என்று அவர்களையே கேட்டுவிடுவதுதான் சரி.

வருமானம், கடன், பிள்ளைகளின் வருகைப்பதிவு ஆகியவை பருவத்தோடு ஏறி இறங்குபவை. கல்லணைக்கு அருகில் உள்ள ஊரையும் தலைஞாயிறு போன்ற கடைமடைப் பகுதியையும் ஒரே வாரத்தில் கேட்டு ஒப்பிட்டால், ஒன்றில் நடவு முடிந்திருக்கும், மற்றொன்றில் இன்னும் தண்ணீருக்குக் காத்திருப்பார்கள். ஒப்பிட வேண்டியது ஒரே பயிர்க் கட்டத்தை. நாட்காட்டித் தேதியை வைத்து ஒப்பிட்டால் தவறாகும்.

384 பேரை எடுத்தால் போதும் என்கிறார்களே?

95 சதவீத நம்பகத்தன்மை, கூட்டியோ குறைத்தோ 5 சதவீதப் பிழை என்று வைத்து வரும் எண் அது. ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சீட்டுக் குலுக்கி எடுத்தால்தான் அது பொருந்தும். பள்ளி ஆய்வில் அப்படி யாரும் எடுப்பதில்லை. இருபது பள்ளிக்குப் போய், பள்ளிக்கு இருபது பிள்ளைகள் வீதம் 400 பேரிடம் கேட்கிறோம். ஒரே பள்ளியில் படிக்கும் பிள்ளைகள், ஒரே ஆசிரியர், ஒரே ஊர், ஏறக்குறைய ஒரே குடும்பச் சூழல் என்று ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். அந்த ஒற்றுமை 0.2 என்று வைத்துக்கொள்வோம் (0 என்றால் ஒற்றுமையே இல்லை, 1 என்றால் எல்லோரும் ஒன்றுபோல). வடிவமைப்பு விளைவு, அதாவது கொத்தாக எடுப்பதால் மாதிரியின் பலம் எத்தனை மடங்கு குறைகிறது என்ற கணக்கு, 1 + (20 − 1) × 0.2 = 4.8. உங்கள் 400 பேர் தரும் தகவல், தனித்தனியாக எடுத்த சுமார் 83 பேர் தரும் தகவலுக்குத்தான் சமம்.

அதே 400 பேரை நாற்பது பள்ளிகளில் பள்ளிக்குப் பத்துப் பேராக எடுங்கள். விளைவு 2.8 ஆகக் குறையும், பயனுள்ள எண்ணிக்கை 143 ஆக ஏறும். அலைச்சல் கூடும்தான். ஆனால் அந்த அலைச்சலில்தான் பேருந்து போகாத ஊர்ப் பள்ளிகள் உங்கள் பட்டியலுக்குள் வருகின்றன. டெல்டா ஆய்வேடுகளை எடுத்துப் பாருங்கள்: கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று பேருந்து நிலையத்திலிருந்து எளிதாகப் போய்வரக்கூடிய பள்ளிகளே மீண்டும் மீண்டும் வரும். "சமவாய்ப்பு (random) மாதிரி" என்று எழுதிவிட்டு வசதிக்கு எடுப்பது பொய். வசதிக்குத்தான் எடுத்தீர்கள் என்றால் அப்படியே எழுதுங்கள். ஆய்வேடு அதனால் கெட்டுவிடாது.

தலைமையாசிரியர் அனுமதி கொடுத்துவிட்டார். அப்புறமும் ஒப்புதல் வேண்டுமா?

வேண்டும். முதன்மைக் கல்வி அலுவலர் தரும் கடிதமும் தலைமையாசிரியரின் சம்மதமும் பள்ளி வளாகத்துக்குள் நுழையத்தான் உதவும். பிள்ளையின் சம்மதத்தை அவர்களால் தர முடியாது. பெற்றோர் ஒப்புதல் தனி, பிள்ளையின் இசைவு தனி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் 7 முதல் 12 வயது வரை வாய்மொழி இசைவும், அதற்கு மேல் 18 வரை எழுத்து இசைவும் கேட்கின்றன. மருத்துவம், சுகாதார ஆய்வுக்காக எழுதப்பட்டவை என்றாலும் கல்வி ஆய்வாளருக்கும் அது நல்ல அளவுகோல். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குக் கீழ் இருப்பவரைக் குழந்தை என்றே கொள்கிறது.

காகிதத்தை விட முக்கியமானது வகுப்பறையில் நடப்பது. "யாருக்கெல்லாம் விருப்பம் இல்லை, கையைத் தூக்குங்க" என்று வகுப்பாசிரியர் நிற்கும்போது கேட்டால் எந்தப் பிள்ளை தூக்கும்? ஆசிரியரை வெளியே இருக்கச் சொல்லுங்கள். வேண்டாம் என்பவர்கள் படம் வரையட்டும். வெறும் தாளை மடித்துக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வேன், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சிலர் வெறும் தாள் கொடுப்பார்கள். மறுக்க இடம் இருந்தது என்பதற்கு அதுதான் சான்று.

கையெழுத்து என்றதும் பயந்து ஒதுங்குகிறார்களே?

பயப்பட அவர்களுக்குக் காரணம் இருக்கிறது. குத்தகை, அடமானம், குழுக்கடன் என்று கைநாட்டு வைத்த இடத்தில் எல்லாம் ஏதோ ஒன்றை இழந்த குடும்பங்கள் இங்கே நிறைய. எல்லாவற்றையும் வாசித்துக் காட்டி, அந்தத் தெருவிலேயே அவர் நம்பும் ஒருவரைச் சாட்சியாக வைத்து, வாய்மொழி ஒப்புதலைப் பதிவு செய்யுங்கள். ஆதார் எண்ணையோ ரேஷன் அட்டை எண்ணையோ கேட்கவே வேண்டாம். அது உங்கள் ஆய்வுக்குத் தேவையில்லை.

ஊருக்குள் யார் மூலம் போவது?

டெல்டாவில் முறை, அறம் இரண்டுமே முடிவாகும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தெய் 1961-62இல் தஞ்சை மாவட்டத்து ஊர் ஒன்றில் அக்ரகாரத்தில் தங்கி ஆய்வு செய்தார். அங்கே தங்கியதாலேயே மற்றத் தெருக்களுக்கு, குறிப்பாக ஆதிதிராவிடர் தெருவுக்கு, இயல்பாகப் போய்வர முடியாமல் போனதை அவரே எழுதியிருக்கிறார். தங்கும் வீடு எது என்பது தெரிந்த கணமே நீங்கள் யாருடைய ஆள் என்று ஊர் முடிவு செய்துவிடுகிறது. அதை எழுத்தில் சொன்னது அவருடைய நேர்மை. அதனால்தான் இன்று அவருடைய ஆய்வை வாசிப்பவர், எந்தத் தெருவிலிருந்து பார்த்த காட்சி அது என்று தெரிந்து வாசிக்க முடிகிறது.

அறுபது ஆண்டுகளில் அக்ரகாரங்கள் பாதி காலியாகிவிட்டன. ஆனால் கணக்கு மாறவில்லை. ஊராட்சித் தலைவரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனால், அவருக்கு எதிராக நின்றவரின் ஆட்கள் உங்களிடம் வாய் திறக்க மாட்டார்கள். கிராம நிர்வாக அலுவலரோடு போனால் பட்டா விவகாரம் என்று நினைப்பார்கள். குடியானத் தெருவில் சாப்பிட்டுவிட்டு மாலையில் அடுத்த தெருவுக்குப் போனால், அங்கே தண்ணீர் வாங்கிக் குடிக்கிறீர்களா என்று கவனிப்பார்கள். குடியுங்கள்.

முடிந்தால் பக்கத்து நகரத்தில் தங்கிப் போய்வாருங்கள். எந்தத் தெருவில் முதலில் தொடங்குவது என்பதை மாற்றி மாற்றி வையுங்கள். எந்தத் தெருவில் எத்தனை நேர்காணல், யார் அறிமுகம் செய்தார், கூட யார் நின்றார் என்பதை ஒவ்வொரு நாளும் களக்குறிப்பில் எழுதுங்கள். ஆய்வேட்டில் அது ஒரு பக்கமாவது வரவேண்டும்.

"நீ யாரு வீட்டுப் பிள்ளை, எந்த ஊரு?" என்று கேட்டால் என்ன சொல்வது?

சாதியைத்தான் சுற்றிவளைத்துக் கேட்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். பொய் சொல்லக் கூடாது. ஊரையும் கல்லூரியையும் சொல்லுங்கள். நேராகவே கேட்டால், "அது இந்த வேலைக்கு வேண்டாம்ங்க ஐயா, நான் எல்லா வீட்டுக்கும் போகணும்" என்று பணிவாகச் சொல்லலாம். பட்டியலின மாணவர்கள், பெண் மாணவர்கள் இந்தக் கேள்வியால் களத்தில் படும் பாட்டை நெறியாளர்கள் முன்கூட்டியே பேச வேண்டும். தனியாக அனுப்பிவிட்டு "அனுபவம் கிடைக்கும்" என்று சொல்வது பொறுப்பில்லாத செயல்.

ஊர்ப் பெயரை மாற்றிவிட்டால் அடையாளம் மறைந்துவிடுமா?

பெயர் மட்டும் மாறினால் போதாது. பெத்தெய் தன் ஊருக்கு ஸ்ரீபுரம் என்று பெயர் வைத்தார். 1951 முதல் 1953 வரை இங்கே களப்பணி செய்து, 1976இல் திரும்பி வந்து பார்த்த மானிடவியலாளர் கேத்லீன் கஃப் தன் ஊர்களைக் கும்பாப்பேட்டை, கிரிப்பூர் என்று அழைத்தார். வெளியூர் வாசகருக்கு அது மறைப்பு. உள்ளூர்க்காரருக்கு ஆறும் கோயிலும் தெரு வரிசையும் போதும், இடத்தைச் சொல்லிவிடுவார். "ஒன்றியத்தின் ஒரே பட்டியலினப் பெண் தலைமையாசிரியர், வயது 52" என்று எழுதிவிட்டுப் பெயரை மட்டும் மாற்றுவதில் பயனே இல்லை. வயதைப் பத்தாண்டு வரம்பாக எழுதுங்கள், பதவியைப் பொதுவாக்குங்கள், தேவையென்றால் ஒருவர் சொன்னதை இரண்டு பேராகப் பிரித்து எழுதுங்கள். அப்படிச் செய்ததைச் சொல்லிவிடுங்கள்.

மறுபக்கமும் உண்டு. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அந்த ஊரை "ஒரு டெல்டா கிராமம்" என்று எழுதுவது யாரையும் காப்பாற்றாது, நடந்ததை மழுப்பும். அங்கே பேசும் சிலர் தங்கள் பெயரும் தங்கள் குடும்பத்தில் இறந்தவர்களின் பெயரும் அச்சில் வர வேண்டும் என்று விரும்பலாம். பெயர் வேண்டுமா வேண்டாமா என்பதை அவரவரிடம் கேளுங்கள். பெயரை மறைப்பது கட்டாய விதி அல்ல. பேசுபவருக்கு அது ஓர் உரிமை.

சுனாமி, பள்ளித் தீ விபத்து, கஜா பற்றி ஆய்வு செய்யலாமா?

செய்யலாம். ஆனால் அதற்கு முன் நூலகத்தில் உட்காருங்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் மக்களிடம் அதன் பிறகு எத்தனையோ அமைப்புகள், பல்கலைக்கழகங்கள், ஊடகங்கள் ஒரே கேள்விகளைக் கேட்டுவிட்டன. அதே ஆண்டு ஜூலை 16இல் கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் மாண்டார்கள். அந்தப் பெற்றோரிடம் "அன்று காலை என்ன நடந்தது" என்று மறுபடி கேட்டுத்தான் உங்கள் ஆய்வு நிற்குமா? நீதிமன்ற ஆவணங்கள், விசாரணை அறிக்கை, வெளியான நேர்காணல்கள் இருக்கின்றன. அவற்றில் கிடைக்காத ஒன்று வேண்டும் என்றால் மட்டுமே போங்கள். நினைவு நாளை ஒட்டிப் போகாதீர்கள்.

பேசும்போது குரல் உடைந்தால் பதிவுக் கருவியை நிறுத்துங்கள். தொடரலாமா என்று உடனே கேட்காதீர்கள். இன்னொரு நாள் வரட்டுமா என்று கேளுங்கள். டெலி-மானஸ் என்ற மனநல உதவித் தொலைபேசியின் 14416 எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

முறை சார்ந்த ஒரு சிக்கலும் இதில் உண்டு. 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பிறகு கையில் படிவத்தோடு வந்தவர் யாராக இருந்தாலும் நிவாரணக் கணக்கெடுப்பு என்றே மக்கள் நினைத்தார்கள். எத்தனை தென்னை விழுந்தது என்ற கேள்விக்கு வரும் பதிலில் எதிர்பார்ப்பும் கலந்திருக்கும். இதை மக்களின் பொய் என்று எழுதாதீர்கள். நான் எதுவும் வாங்கித் தர வந்தவனில்லை என்று முதல் வாக்கியத்திலேயே நீங்கள் சொன்னீர்களா என்பதுதான் கேள்வி.

ஒரு குழுவுக்குப் புதுமுறையில் பாடம், மற்றொரு குழுவுக்கு இல்லை. இது நியாயமா?

ஆய்வு முடிந்ததும் இரண்டாம் குழுவுக்கும் அதே பாடத்தை நடத்துவீர்கள் என்றால் நியாயம். அதற்கான வாரங்களைக் கால அட்டவணையில் முன்பே ஒதுக்குங்கள். தேர்வு நெருங்கிவிட்டது என்று கடைசியில் விடுபடுவது எப்போதும் அந்தக் குழுதான்.

இன்னொன்று: புதுமுறையில் பாடம் நடத்துபவர் நீங்கள், பழைய முறையில் நடத்துபவர் வேலைப்பளுவில் இருக்கும் ஆசிரியர் என்றால், நீங்கள் அளப்பது முறையையா, உங்கள் உற்சாகத்தையா? இரண்டு குழுப் பிள்ளைகளும் ஒரே தெருவில், 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி மையம் போன்ற ஒரே மாலை வகுப்பில் சேர்ந்து உட்கார்ந்தால், உங்கள் பயிற்சித்தாள் அடுத்த குழுவுக்கும் போய்விடும். பிரிவு வாரியாகப் பிரிக்காமல் ஊர் வாரியாகப் பிரியுங்கள்.

வெளிநாட்டு அளவுகோலை மொழிபெயர்த்துப் பயன்படுத்தலாமா? நம்பகத்தன்மையைக் காட்டும் க்ரோன்பாக் ஆல்பா என்ற எண் 0.7க்கு மேல் வந்துவிட்டது.

ஆல்பா, கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்று மட்டும் சொல்லும். சரியானதை அளக்கின்றனவா என்று சொல்லாது. பெற்றோர் ஈடுபாட்டை அளக்கும் வினாப்பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக் கூட்டத்துக்கு வருகிறீர்களா, வீட்டுப்பாடம் சொல்லித் தருகிறீர்களா, ஆசிரியரிடம் பேசுகிறீர்களா என்று கேட்கும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வந்தால் ஒரு நடவுத் தாய்க்கு அன்றைய கூலி போகும். மகள் படிக்க வேண்டும் என்பதற்காகவே காதுத் தோட்டை அடகு வைத்துப் புத்தகமும் சைக்கிள் டயரும் வாங்கிய அதே தாய், உங்கள் அளவுகோலில் "குறைந்த ஈடுபாடு" என்று விழுவார். வறுமையை அக்கறையின்மையாக மாற்றிக் காட்டும் இந்தப் பிழை ஆய்வேட்டிலிருந்து ஆசிரியர் பயிற்சிக்கும், அங்கிருந்து வகுப்பறைக்கும் போகிறது. எனக்கு மிகவும் வருத்தம் தரும் பிழை இது.

முதலில் பத்துப் பதினைந்து பெற்றோரிடம் ஒவ்வொரு கேள்வியையும் வாசித்து, "இதைக் கேட்டதும் என்ன நினைச்சீங்க?" என்று கேளுங்கள். பாதிக் கேள்விகள் அங்கேயே மாறும்.

நேர்காணலில் ஒரு பிள்ளை பாலியல் துன்புறுத்தல் பற்றிச் சொன்னால்?

ரகசியம் காப்பேன் என்று சொன்னதைக் காரணம் காட்டி மறைக்க முடியாது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டம், 2012இன் பிரிவு 19 தெரிந்தவர் எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தவறினால் தண்டனை உண்டு. குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள், நெறியாளரிடம் அன்றே சொல்லுங்கள். பிள்ளையைத் துருவித் துருவிக் கேட்காதீர்கள், அதற்குப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். அதனால் ஒப்புதல் படிவத்திலேயே, "உனக்கோ வேறொரு பிள்ளைக்கோ ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் உதவக்கூடியவர்களிடம் சொல்வேன்" என்று எழுதிவிடுங்கள்.

கூகுள் ஃபார்மை வாட்ஸ்அப்பில் அனுப்பி வாங்கலாமா?

ஆசிரியர்களிடம் என்றால் சரி. பத்தாம் வகுப்புப் பெண் பிள்ளைகளிடம் என்றால், போன் அப்பாவுடையது, நிரப்பும்போது அண்ணன் பக்கத்தில் இருக்கிறான்.

பதில் சொல்பவருக்குப் பணம் கொடுக்கலாமா?

வேலை நேரத்தில் ஒரு மணி நேரம் எடுத்தால், அந்த நேரத்துக்கான கூலியைக் கொடுங்கள். எல்லோருக்கும் ஒரே தொகை, நடுவில் எழுந்து போனாலும் முழுத் தொகை. அதற்கு மேல் கொடுத்தால் பணத்துக்காகவே சம்மதிக்க வேண்டிய நிலை வரும்.

பழைய மாவட்டப் புள்ளிவிவரத்தோடு ஒப்பிடலாமா?

எல்லையைப் பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள். 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் "தஞ்சாவூர்" பழைய ஒன்றுபட்ட மாவட்டம். அந்த ஆண்டின் பிற்பகுதியில்தான் நாகப்பட்டினம் பிரிந்தது. 1997இல் திருவாரூர், 2020இல் மயிலாடுதுறை. 2011 கணக்கெடுப்பில் மயிலாடுதுறை என்று தனி மாவட்டமே கிடையாது. வட்டம் வாரியாக எடுத்து இன்றைய எல்லைக்குள் கூட்டிப் பாருங்கள்.

பல்கலைக்கழகத்தின் எழுத்துத்திருட்டு மென்பொருளில் ஒற்றுமை 10 சதவீதத்துக்குள் வந்துவிட்டது. இனி பிரச்சினை இல்லையே?

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகள்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை, சரி. ஆனால் அந்த மென்பொருள் பார்ப்பது சொற்களை. வீட்டில் உட்கார்ந்து நிரப்பிய வினாத்தாளை அது கண்டுபிடிக்காது. நாற்பது தாளில் ஒரு விடுபட்ட பதில்கூட இல்லை, எல்லா வயதும் 0, 5 எண்களிலேயே முடிகிறது, ஒரே பேனா என்றால் நெறியாளர் களத்துக்குப் போய் நாலு வீட்டிலாவது கேட்க வேண்டும். கூலிக்கு ஆள் வைத்துத் தரவு எடுப்பவர்கள் ஒரு தாளுக்கு இவ்வளவு என்று பேசாமல் நாள் கூலி கொடுங்கள். தாளுக்குக் காசு என்றால் தாள்தான் வரும்.

முடிவுகளை ஊருக்குத் திரும்பச் சொல்ல வேண்டுமா?

கட்டாயம். இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம், பெரிய எழுத்தில். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசலாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் நேரம் கேட்கலாம். ஆனால் கிராம சபையில் எல்லாத் தெருவும் வந்து உட்காருமா என்று முதலில் விசாரியுங்கள். வராது என்றால் தெருத் தெருவாகப் போய்ச் சொல்லுங்கள். "அப்படி இல்லைங்க, நீங்க தப்பா எழுதியிருக்கீங்க" என்று யாராவது சொன்னால், ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன்பே அந்த மறுப்பையும் உள்ளே சேருங்கள். அதனால் வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்குப் பிறகு போகாதீர்கள், வரைவு கையில் இருக்கும்போதே போங்கள்.

ஒலிப்பதிவுகளை என்ன செய்வது?

பெயர் நீக்கி எழுதியெடுத்த பிரதி தனி, யார் எந்த எண் என்ற பட்டியல் தனி, இரண்டும் ஒரே கணினியில் வேண்டாம். எழுதியெடுக்கும் வேலையை இணையத்தில் உள்ள செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கொடுப்பதாக இருந்தால், குரல் வெளியே போகும் என்பதை ஒப்புதல் வாங்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை என்றால் கையால் எழுதுங்கள். பட்டம் கிடைத்த பிறகு எவ்வளவு காலம் வைத்திருப்பேன் என்று சொன்னீர்களோ, அந்தக் காலம் முடிந்ததும் போன், பென்டிரைவ், மின்னஞ்சல் எல்லாவற்றிலிருந்தும் அழியுங்கள். நெறியாளரிடம் ஒரு பிரதி இருந்தால் அதையும் கேட்டு வாங்கி அழியுங்கள்.